நாய் குறுக்கே வந்தது

பிப்ரவரி 6, திங்கள்

எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, எந்தப் பயிற்சி எத்தனை தடவை, வலி எப்போது வந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொன்னார் டாக்டர். அவந்தியின் பழைய கணக்கு நோட்டில் பாதிப் பக்கங்கள் மிச்சமிருந்தன. அதையே எடுத்துக்கொண்டேன்.

முதலிலிருந்து எழுதிவிடுகிறேன். ஜனவரி 22, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி. குளத்து ரோட்டில் பைக்கில் போய்க்கொண்டிருந்தோம். நான் ஓட்டினேன். நடுவில் அவந்தி. எங்கள் ஒரே மகள், பதின்மூன்று வயது. பின்னால் என் மனைவி சுகந்தி, ஒருபக்கமாக உட்கார்ந்திருந்தாள். நாய் குறுக்கே வந்தது. வண்டி தாரை விட்டு மண்ணில் இறங்கிச் சரிந்தது.

எனக்கு ஒன்றும் இல்லை. அவந்திக்கு முழங்காலில் சிராய்ப்பு. சுகந்தி வலது தோள் தரையில் மோத விழுந்தாள். எலும்பு முறியவில்லை. கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் நரம்புகள் இழுபட்டுவிட்டன. வலது கை அசையவில்லை. தொட்டால் தெரியவில்லை.

இன்று: காலை 8, மாத்திரை இரண்டு. அவள் விரல்களை நான் மடக்கி நீட்டியது இருபது தடவை. இரவு 8, மாத்திரை மூன்று. வலி சாயங்காலம் ஆறு மணிக்கு. நெருப்பில் வைத்த மாதிரி இருக்கிறது என்றாள். தொட்டால் தெரியாத கை எப்படி எரியும் என்று கேட்டேன். எரியுமாம்.

பிப்ரவரி 7, செவ்வாய்

மாத்திரை, பயிற்சி சரி. சுகந்திக்குத் தலை பின்னிவிட்டேன். கோணல்.

பிப்ரவரி 9, வியாழன்

சுகந்தி டீச்சராக இருக்கும் பள்ளிக்கூடத்திலிருந்து தலைமையாசிரியை வந்தார். நான்காம் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கொரு வாழ்த்து அட்டை வரைந்து கொடுத்தனுப்பியிருந்தார்கள். முப்பத்தொன்பது அட்டை. சுகந்தி இடது கையால் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள்.

"எப்படிங்க சார் ஆச்சு?" என்று என்னிடம் கேட்டார்.

"நாய் குறுக்க வந்துருச்சுங்க. பழுப்பு நாய். சட்டுனு வந்துருச்சு."

"இந்த நாய்த் தொல்லை இருக்குதே" என்றார் அவர்.

அவந்தி பாதி குடித்த பால் டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போனாள். டம்ளரைக் கழுவி வைத்தேன்.

பிப்ரவரி 12, ஞாயிறு

ஐந்து மணிக்கு விழிப்பு வந்துவிட்டது.

ஆறு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை என்றால் குளம்தான். ஆரம்பித்தது சுகந்தி. பள்ளிக்கூடத்தில் யாரோ ஒரு பறவைப் புத்தகம் பரிசாகக் கொடுத்தார்கள், அதிலிருந்து பிடித்துக்கொண்டாள். எழுந்து பிளாஸ்கில் காபி ஊற்றி, எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு, வெயில் ஏறுமுன் கரையில் நிற்போம். சுகந்தி பைனாகுலரில் எண்ணுவாள். அவந்தி சத்தத்தை வைத்தே பெயர் சொல்வாள். நான் எழுதுவேன். நாமக்கோழி நாற்பது. முக்குளிப்பான் பன்னிரண்டு. ஒன்பது மணிக்கு டீக்கடையில் வடை. பதினோரு மணிக்கு வீடு. வாரத்தில் மற்ற நாட்களில் நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து அவ்வளவு பேசியதில்லை.

இன்று எழுந்திருக்கவில்லை. சுகந்தியும் விழித்துத்தான் இருந்தாள், மூச்சில் தெரிந்தது. ஏழரை வரை இரண்டு பேரும் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தோம். பிறகு எழுந்து ஒரு வாரத்துச் சட்டைகளை இஸ்திரி போட்டேன். பதினான்கு துணி.

பிப்ரவரி 15, புதன்

நரம்புப் பரிசோதனை. ஊசி குத்திக் கரண்ட் வைத்துப் பார்த்தார்கள். திரையில் கோடு அசையவில்லை.

நரம்பு திரும்ப வளர்ந்தால் ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்தான் வளரும் என்றார் டாக்டர். மார்ச் கடைசிவரை பார்ப்போம், அசைவு வராவிட்டால் ஆபரேஷன். காலிலிருந்து நரம்பை எடுத்துத் தோளில் ஒட்டவைப்பார்கள். அதற்குப் பிறகும் எவ்வளவு வரும் என்று சொல்ல முடியாது.

நான் வேலை பார்ப்பது மோட்டார் பம்ப் கம்பெனியில், தரப் பரிசோதனையில். மில்லிமீட்டர் எனக்குப் பழக்கம். சுகந்தியின் தோளிலிருந்து விரல்நுனி வரை மனதில் அளந்து பார்த்தேன். இரண்டு வருஷம் வந்தது. அவளிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி 18, சனி

சுகந்தியின் அண்ணன் குப்புராஜ் பொள்ளாச்சியிலிருந்து வந்தார். இளநீர் ஒரு குலை. தென்னந்தோப்பு வைத்திருக்கிறார். தங்கச்சி என்றால் உயிர். அவள் கையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார்.

"மாப்ளே, அந்த நாய் என்ன நெறமுங்க?"

"கருப்பு மாதிரி இருந்துச்சுங்க மச்சான்."

"பழுப்புன்னு சொன்னீங்க" என்றாள் சுகந்தி. சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"சரியா வெளிச்சம் இல்ல."

"ஏழு மணிக்கு வெளிச்சம் இல்லாமயா?"

"அட, எந்த நெறமா இருந்தா என்ன அம்மிணி" என்றார் குப்புராஜ். "நீங்க வுழுந்த எடத்து டீக்கடைகிட்ட ஏழெட்டு திரியுது. வர்றப்பப் பாத்தேன். அங்க நமக்குப் பழக்கமான ஆளுக இருக்கறாங்க. நீங்க ஒண்ணும் நெனைக்காதீங்க மாப்ளே, நான் பாத்துக்கறேன். இனியொருத்தர் வூட்டுல இப்படி ஆகக்கூடாது."

அவந்தி கதவோரம் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இளநீர் வெட்டப் போனேன்.

பிப்ரவரி 20, திங்கள்

அவந்தி என்னோடு பேசுவதில்லை. எப்போதிலிருந்து என்று சரியாகத் தெரியவில்லை. "அம்மா, பீஸ் கட்டணும்னு சொல்லுங்க." "அம்மா, சட்னி வேண்டாம்னு சொல்லுங்க." நான் பக்கத்தில்தான் இருக்கிறேன்.

இந்த வயதில் அப்படித்தான் என்று சுகந்தி சொன்னாள்.

பிப்ரவரி 26, ஞாயிறு

காலையில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். சுகந்தி அடுப்புப் பக்கம் வந்து நின்று, மாவு இன்னும் கொஞ்சம் தண்ணியாக இருக்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கழுத்தில் மாட்டிய தூளியிலிருந்து கையை எடுத்து அடுப்பு மேடைமேல் வைத்திருந்தாள், காற்றாட. கருகிய வாசனை வந்தது. தோசை என்று நினைத்தேன். அவள் விரல்கள் கல்லின் விளிம்பில் கிடந்தன. பேசிக்கொண்டே நின்றாள்.

நான் இழுத்து எடுத்தேன். மூன்று விரல்களில் தோல் வெந்திருந்தது. தண்ணீரில் பிடித்தேன். அவள் அழவில்லை. அழ என்ன இருக்கிறது, வலித்தால்தானே. கொப்புளங்களை எட்டிப் பார்த்துவிட்டு, "யாரோ ஒருத்தர் கை மாதிரி இருக்குதுங்க" என்றாள்.

மருந்து போட்டேன். தோசை மீதியையும் ஊற்றி முடித்தேன். பதினொன்று.

மார்ச் 3, வெள்ளி

இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது குப்புராஜ் கூப்பிட்டார். என் கையில் மாவு. ஸ்பீக்கரில் போட்டேன்.

"மாப்ளே, ஒண்ண முடிச்சாச்சுங்க. அந்த டீக்கடைக்கார அம்மா வளத்துறது. பழுப்பு நெறந்தான். கறியில வெச்சுக் குடுத்தாச்சு. மீதியைத் திங்கக்கெழம இல்லீங்க, அதுக்கடுத்த திங்கக்கெழம, பதிமூணாந்தேதி வண்டி கொண்டாந்து மொத்தமா அள்ளிரலாம்னு பேசியிருக்குது."

"சரிங்க மச்சான்" என்றேன்.

சுகந்தி, "விஷமா வெச்சாங்க? எதுக்குண்ணா இதெல்லாம்?" என்றாள். அவர் அதற்குள் போனை வைத்துவிட்டார்.

அவந்தி தட்டில் கை கழுவிவிட்டு எழுந்துபோனாள். சப்பாத்தி நான்கு மிச்சம்.

மார்ச் 4, சனி

அவந்தி இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். காய்ச்சல் இல்லை. கம்பெனியில் நாற்பது மோட்டார் பார்த்தேன். மூன்று தேறவில்லை.

மார்ச் 5, ஞாயிறு

காய் வாங்கப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மார்க்கெட் ஸ்டாப்பில் இறங்கவில்லை. பஸ் குளத்து ரோடு வரை போகும். பைக்கை மெக்கானிக் சரிசெய்து ஒரு மாதம் ஆகிறது, நான் போய் எடுக்கவில்லை.

டீக்கடை திறந்திருந்தது. கடைக்கார அம்மா பெயர் ராமாத்தாள். அன்றைக்குத் தண்ணீர்க் குடத்தோடு ஓடி வந்தவர் அவர்தான். சுகந்தியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஆம்புலன்ஸ் வரும்வரை தரையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார்.

"அம்மிணி எப்புடி இருக்குதுங்க? கை வந்துருச்சுங்களா?"

"இன்னும் இல்லீங்க."

டீ போட்டுக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. கடை ஓரத்துக் கம்பத்தில் சங்கிலி தொங்கியது. அதன் நுனியில் ஒன்றும் இல்லை.

நான் பார்ப்பதை அவர் பார்த்தார். "உங்களுக்குச் சேதி தெரியுமுங்களா? நாயி செத்துருச்சுங்க. எவனோ மருந்து வெச்சுட்டான். ஒன்பது வருசமா எங்கூட இருந்துச்சு. அன்னைக்கு நீங்க வுழுந்தப்பக்கூட இந்தக் கம்பத்துலதானுங்க கட்டிக் கெடந்துச்சு. அது கொலைச்ச சத்தத்துலதான் நான் அடுப்ப வுட்டுட்டு வெளிய வந்து பாத்தனே."

"ஓ" என்றேன்.

"ரோட்டுல ஒரு ஈ காக்கா இல்லீங்க அன்னைக்கு. அது இல்லாட்டி எனக்குத் தெரிஞ்சிருக்காது."

டம்ளரைக் கொடுத்துவிட்டு வந்தேன். காய் வாங்க மறந்துவிட்டேன். மதியம் ரசமும் அப்பளமும்.

மார்ச் 8, புதன்

சாயங்காலம் அரிசி களைந்துகொண்டிருந்தேன். அவந்தி சமையலறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். சுகந்தி கூடத்தில் பிசியோவுக்கு வந்த பெண்ணோடு பயிற்சியில் இருந்தாள்.

"அப்பா."

எத்தனையோ நாள் கழித்து அந்த வார்த்தை. திரும்பினேன்.

"நான் நடுவுல உக்காந்திருந்தேன். உங்க தலைக்குப் பின்னாடிதான் என் மூஞ்சி இருந்துச்சு."

நான் அரிசியில் கையை விட்டுக்கொண்டே இருந்தேன்.

"நீங்க குளத்துப் பக்கம் திரும்பிப் பாத்தீங்க. ரொம்ப நேரம் பாத்தீங்க. நான் 'அப்பா, ரோடு'ன்னு சொன்னேன்."

சொன்னாள். நான் கேட்டேன். கேட்டும் இன்னொரு நொடி பார்த்தேன்.

"ஆஸ்பத்திரியில நீங்க நாய்னு சொன்னப்ப, அம்மா பயந்துக்கக் கூடாதுன்னு சொல்றீங்கன்னு நெனச்சேன். அப்புறம் எல்லாருகிட்டயும் சொன்னீங்க. மாமாகிட்டயும் சொன்னீங்க. இப்ப அந்த நாய் செத்துப்போச்சு. அது என்னப்பா பண்ணுச்சு?"

குக்கரில் தண்ணீர் அளந்து ஊற்றினேன்.

"பதிமூணாந்தேதி வண்டி வருது. நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"நான் சொல்றேன்" என்றேன்.

சாதம் குழைந்துவிட்டது.

மார்ச் 9, வியாழன்

சொல்லவில்லை.

மார்ச் 10, வெள்ளி

சுகந்தியைக் குளிப்பாட்டினேன். தலை துவட்டினேன். வாய் திறந்தேன். "சீயக்காய் தீர்ந்துபோச்சு" என்றேன்.

மார்ச் 11, சனி

காலை பத்து மணி. அவந்தி அறையில் இருந்தாள், கதவு திறந்திருந்தது. சுகந்தி ஜன்னலோரம் உட்கார்ந்து இடது கையால் அ, ஆ எழுதிப் பழகிக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து சொன்னேன்.

"நாய் வரல, சுகந்தி."

அவள் எழுதுவதை நிறுத்தவில்லை.

"அன்னைக்கு நாயே வரல. குளத்து மேல ஒரு பறவை போச்சு. நான் திரும்பிப் பாத்தேன். வண்டி மண்ணுல எறங்கிருச்சு."

பேனாவை வைத்தாள். நோட்டை மூடினாள். பிறகு கேட்டாள்.

"என்ன பறவை?"

"எப்பவாவது வருமே, அந்த விராலடிப்பான்னு நெனச்சேன். இல்ல. பருந்துதான்."

"பருந்து" என்றாள். "நம்ம மொட்டை மாடியில தெனமும் சுத்துமே, அந்தப் பருந்து."

"ஆமா."

வெளியே சிலிண்டர் வண்டி மணி அடித்துக்கொண்டு போனது.

"திரும்பிப் பாத்ததுக்குக்கூட நான் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேனுங்க. நானும்தான் பின்னாடி உக்காந்து குளத்தப் பாத்துட்டு வந்தேன். ஆனா ஏழு வாரம். எனக்குச் சோறு ஊட்டி விட்டீங்க. குளிப்பாட்டி விட்டீங்க. நான் அம்மணமா உங்க முன்னாடி நின்னேன். அப்பவெல்லாம் உங்க வாயில வரலியா?"

"வரல."

"அவளுக்குத் தெரியுமா?"

சுகந்தி அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவந்தி கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள்.

"கொழந்தைய இத்தன நாள் இதச் சொமக்க வெச்சிருக்கீங்க" என்றாள் சுகந்தி. முதல் தடவையாகக் குரல் உயர்ந்தது. "போன் போடுங்க எங்கண்ணனுக்கு. நான் பேச மாட்டேன். நீங்களே பேசுங்க."

பேசினேன். குப்புராஜ் முழுக்கக் கேட்டார். கடைசியில், "உங்க பேச்சக் கேட்டு நான் ஒரு உசுரக் கொன்னுபோட்டனே மாப்ளே" என்றார். பிறகு, "வண்டி வராது. நான் சொல்லிக்கறேன்" என்றார்.

மூன்று மணிக்குக் கார் வந்தது. சுகந்தியும் அவந்தியும் பொள்ளாச்சிக்குப் போனார்கள். மாத்திரைப் பையையும் பயிற்சிச் சீட்டையும் எடுத்துக் கொடுத்தேன். குப்புராஜ் வீட்டுக்குள் வரவில்லை.

மார்ச் 13, திங்கள்

மாத்திரை நேரத்தில் அலாரம் அடித்தது. நிறுத்தினேன்.

மார்ச் 15, புதன்

ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி என்று தெரியவில்லை. மிஞ்சுகிறது.

மார்ச் 21, செவ்வாய்

லீவு போட்டுவிட்டு டீக்கடைக்குப் போனேன். கூட்டம் குறையும்வரை நின்றேன். ராமாத்தாளிடம் சொன்னேன். நாய் வரவில்லை, நான்தான் பொய் சொன்னேன், அதை நம்பித்தான் என் மச்சான் ஆள் வைத்துச் செய்தார் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் பாலை ஆற்றிக்கொண்டே கேட்டு முடித்தார்.

"உங்க மச்சான் போன வாரமே வந்தாருங்க. கைல ஒரு குட்டி கொண்டாந்தாரு. அழுதாரு. வேண்டாம், கொண்டுபோங்கன்னுட்டேன்."

"என்னை மன்னிச்சிருங்கம்மா."

"அதெல்லாம் எங்கிட்டக் கேக்காதீங்க. அன்னைக்கு உங்க சம்சாரம் தலைய மடியில வெச்சிருந்தேன். அப்ப நீங்க எங்கிட்டயும் நாய்தான்னு சொன்னீங்க. ஞாபகம் இருக்குதுங்களா? எந்த நாயோன்னு நெனச்சுட்டேன். எம்பட நாய் கம்பத்துல நிக்குது, நீங்க அதப் பாத்துட்டேதான் சொன்னீங்க."

ஞாபகம் இருக்கிறது. கண் போன இடத்தில் அது நின்றது. பழுப்பாக.

"கடைக்கு வர்றவங்கள 'போயிட்டு வாங்க'ன்னு சொல்லித்தான் அனுப்பறது" என்றார். "உங்ககிட்ட அப்படிச் சொல்ல எனக்கு மனசு வரலீங்க. போங்க."

வந்துவிட்டேன்.

ஏப்ரல் 6, வியாழன்

கை அசையவில்லை. ஆபரேஷன் திங்கட்கிழமை. இந்தத் தகவல் குப்புராஜிடமிருந்து மெசேஜில் வந்தது. கீழே தனியாக, "நீங்களும் வரோணும்னு அம்மிணி சொல்லுது" என்று இருந்தது.

ஏப்ரல் 10, திங்கள்

ஆஸ்பத்திரி. சம்மதப் படிவத்தை நர்ஸ் என்னிடம் நீட்டினார். சுகந்தி கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். இடது கையால் எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டாள். நான்காம் வகுப்புப் பிள்ளையின் எழுத்து மாதிரி இருந்தது, ஆனால் முழுப் பெயர்.

ஆறரை மணி நேரம். ஒரே பெஞ்சில் நான், அவந்தி, குப்புராஜ். இரண்டு மணிக்குக் குப்புராஜ் கேன்டீனுக்குப் போய் மூன்று தயிர்சாதப் பொட்டலம் வாங்கி வந்தார். ஒன்றை என் பக்கம் பெஞ்சில் வைத்தார்.

நரம்பு ஒட்டியாகிவிட்டது. மீதி அது பிடிப்பதைப் பொறுத்தது என்றார் டாக்டர். ஆறு மாதமாகும் தெரிய.

ஏப்ரல் 16, ஞாயிறு

டிஸ்சார்ஜ். கையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். குப்புராஜ் காரை வாசலுக்குக் கொண்டு வந்தார்.

"பொள்ளாச்சிக்குத்தானே அம்மிணி?" என்றார்.

"இல்லண்ணா. வடவள்ளி வீட்டுக்கு."

அவர் என்னைப் பார்க்கவில்லை. "ரோசன பண்ணித்தான் சொல்றியா?"

"இவளுக்கு நாளைக்குப் பரீட்சை. எனக்கு என்னோட வீடு வேணும்" என்றாள் சுகந்தி. பிறகு என்னிடம், "மனசு ஆறிப்போச்சுன்னு நெனச்சுக்காதீங்க" என்றாள்.

"இல்ல" என்றேன்.

"முன்னாடி உக்காருங்க."

சுகந்தியும் அவந்தியும் பின்னால் ஏறினார்கள். நான் குப்புராஜுக்குப் பக்கத்தில். ஞாயிற்றுக்கிழமை, ரோட்டில் கூட்டமில்லை. மருதமலை ரோட்டில் திரும்பியதும் ஒரு பள்ளத்தில் கார் குலுங்கியது. சுகந்தி முனகினாள்.

"வலிக்குதா அம்மிணி?" என்று குப்புராஜ் முழுக்கப் பின்னால் திரும்பினார்.

"ரோட்டப் பாருங்க!"

கத்தியது நான்தான் என்று எனக்குத் தெரியக் கொஞ்ச நேரமானது. "ரோட்டப் பாருங்க, ரோட்டப் பாருங்க மச்சான்!" இரண்டு கையாலும் டேஷ்போர்டைப் பிடித்திருந்தேன். எதிரே வண்டி எதுவும் இல்லை. ஆனால் கத்துவது நிற்கவில்லை. அது எப்போது அழுகையாக மாறியது என்று தெரியவில்லை. ஜனவரியிலிருந்து நான் அழுததில்லை. மூச்சு வரவில்லை. சட்டையெல்லாம் நனைந்துவிட்டது.

குப்புராஜ் காரை ஓரமாக நிறுத்தினார். என்ஜினை அணைத்தார். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராக ரோட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எத்தனை நிமிஷம் என்று தெரியாது. யாரும் என்னைத் தொடவில்லை. யாரும் நிறுத்தச் சொல்லவும் இல்லை.

பின்னாலிருந்து ஒரு தண்ணீர் பாட்டில் என் தோளோரம் நீண்டது. மூடி ஏற்கெனவே திறந்திருந்தது.

"குடிங்கப்பா" என்றாள் அவந்தி.

குடித்தேன்.

"இப்ப ஓட்டுண்ணா" என்றாள் சுகந்தி. "மெதுவாப் போ. ஒண்ணும் அவசரமில்ல."